கடலிலிருந்து தெரிந்த மலை

என் சித்தப்பா ஒரு மலையிலும் ஏறியதில்லை. ஆனால் மலையைத் தவிர வேறெதையும் அவர் வரைந்ததில்லை. பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் குப்பத்துக்கு ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் மணல். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, யாரிடமும் கற்றுக்கொள்ளாமல், படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை வைத்து மலை மலையாக வரைந்து தள்ளியவரை ஊர் சும்மா விடுமா? "மலை" என்றே பெயர் வைத்துக் கூப்பிட்டது. சித்தப்பாவும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார்.

அவர் வரைந்தவை கடலிலிருந்து தெரிகிற மலைகள். வானம் தெளிந்திருக்கும் விடியற்காலையில், கரையை விட்டு வெகுதூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், மேற்கே ஆந்திரப் பக்கத்து மலைகள் நீலமாக எழும்பி நிற்குமாம். அடிவாரம் தெரியாது, தலைகள் மட்டும்தான். கூடப் போகும் நைனா, அதாவது என் அப்பா, தூண்டிலைப் பார்ப்பார், இவர் அந்தத் தலைகளைப் பார்ப்பார். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் பழைய பெட்டிப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, நைலான் கயிற்றின் நுனியைப் பிரித்து பிரஷ்ஷாக்கி வரையத் தொடங்குவார். ஒருமுறை குடும்பத்தோடு திருப்பதிக்குப் போனபோது அவர் மேலே வர மறுத்துவிட்டார். "கிட்ட வந்தா மலையே காணமே அண்ணி, வெறும் கல்லும் செடியும்தான் கீது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கீழேயே உட்கார்ந்துகொண்டார். சாமி குற்றம் வந்துவிடும் என்று அம்மா பயந்தாள்.

இத்தனை வரைந்தும் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம்கூட மாட்டவில்லை. பலகைகளெல்லாம் அரிசி மூட்டைக்குப் பின்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றன. அது நைனாவின் உத்தரவு. "இன்னா வேணா வரைஞ்சிக்கோ, வெளிய ஒருத்தனுக்கும் காட்டாத" என்பார். தம்பிமேல் அண்ணனுக்குப் பொறாமை என்று ஐந்தாம் வகுப்பு படித்த நான் முடிவு செய்திருந்தேன்.

பொறாமையெல்லாம் இல்லை. கடலுக்கு அடியில் எங்கள் தாத்தா கண்டுபிடித்த ஒரு பார் இருந்தது. பார் என்றால் பாறை மேடு. சங்கராவும் வஞ்சிரமும் அங்கே வந்து அண்டும். வலை வெறுமையாக வந்த நாளெல்லாம் எங்கள் வீட்டில் உலை கொதித்தது அதனால்தான். தண்ணீருக்கு மேல் அதற்கு எந்த அடையாளமும் கிடையாது. கலங்கரை விளக்கத்தின் உச்சி இரண்டு மலைத் தலைகளுக்கு நடுவிலிருக்கும் பள்ளத்தில் வந்து உட்கார வேண்டும். அதே நேரத்தில் வடக்கே இருக்கும் பனங்கூட்டம், மலை சரிந்து முடிகிற மூக்குக்கு நேராக நிற்க வேண்டும். இரண்டும் கூடுகிற இடத்தில் நங்கூரம் போட்டால் கீழே பார். வேறு படகு கண்ணில் பட்டால் நைனா அந்தப் பக்கமே போகமாட்டார். இந்தக் கணக்கு நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும் தெரியும். சித்தப்பா வரைந்ததெல்லாம் அந்த இடத்திலிருந்து பார்த்ததுதான். அவருக்கோ உள்ளதை உள்ள இடத்தில் வைப்பதைத் தவிர வேறு ஓவியம் தெரியாது. அழகுக்காக ஒரு பனைமரத்தை அரை விரல் தள்ளி வைக்கக்கூட அவருக்குக் கை வராது.

பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வந்தது. வீட்டில் செய்த கைவேலை ஏதாவது கொண்டுவரச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் சிப்பி மாலையும் தெர்மாகோல் படகும் கொண்டுவந்தார்கள். நான், நைனாவும் சித்தப்பாவும் கடலுக்குப் போன நேரம் பார்த்து, இருப்பதிலேயே நீளமான பலகையை அம்மாவின் பழஞ்சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். என் சித்தப்பா எவ்வளவு பெரிய ஆள் என்று ஊர் பார்க்கட்டும் என்று எனக்கு அத்தனை வெறி.

முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு என்னோடு படித்தவளின் அப்பா வந்தார். அவரும் கடலுக்குப் போகிறவர்தான். படத்துக்கு முன்னால் நின்றவர் நின்றுகொண்டே இருந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், விரலை நீட்டி அளந்து பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"கண்ணு, இந்தப் பனமரம் மெய்யாலுமே இப்டித்தான் நிக்குதா, இல்ல சும்மா அழகுக்கு வச்சிக்கிறாரா?" என்று கேட்டார்.

"எங்க சித்தப்பா சும்மா எதையும் வைக்கமாட்டாரு. எல்லாம் அப்படியே கீறதுதான்" என்றேன். அவர் என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் எங்கள் பாரின்மேல் நான்கு படகுகள் நின்றன. நைனா கரைக்கு வந்து, படம் பள்ளிக்கூடம் போன கதையை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டுக்குள் நுழைந்தார். அவர் கத்தவில்லை, சித்தப்பாவின் எதிரில் போய் நின்றார். "நம்ம அப்பன் சொத்துனு குட்த்துட்டுப் போனது அது ஒண்ணுதான்டா" என்றார். சித்தப்பா கதவருகில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான் அண்ணா பாப்பாகிட்ட குட்த்து அனுப்பிச்சேன். நாலு பேரு பாக்கட்டும்னு ஒரு ஆச."

"இனிமே நம்ம போட்டுல கால வைக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. அன்று திறக்காதது அடிக்குப் பயந்து. பிறகு திறக்காததற்கு எந்தச் சாக்கும் இல்லை. நைனா அதே நினைப்போடு போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கு அந்தப் பார் குப்பத்தில் எல்லார் செல்போன் வரைபடத்திலும் ஒரு புள்ளி.

நைனா அப்படிச் சொன்ன மறுநாள் சித்தப்பா பலகைகளை எல்லாம் வெளியே எடுத்து, படகுக்கு அடிக்கிற நீலத்தை ஒவ்வொன்றின்மேலும் பூசினார். பிறகு அவர் கடலுக்குப் போகவே இல்லை. கரையில் மற்றவர்களின் படகுகளுக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டும் எண் எழுதிக்கொடுத்துக்கொண்டும் இருந்தார்.

ஒரு வருஷம் கழித்து மறுபடியும் மலை வரைந்தார். பனி மூடிய மலை, கொட்டுகிற அருவி, அருவிக்கு அருகில் இரண்டு மான்கள். முடிவெட்டுகிற கடையின் காலண்டரில் இருந்ததைப் பார்த்து வரைந்தது. எனக்கானால் தலைகால் புரியாத சந்தோஷம். "இப்பதான் சித்தப்பா சூப்பரா வரையறீங்க!" என்று கைதட்டினேன்.

அவர் பலகையை என்னிடம் நீட்டினார். "எட்த்துனு போ பாப்பா. யாருக்கு வேணா காட்டு."

பெயிண்ட் காய்கிறவரைகூட எனக்குப் பொறுமை இல்லை. சித்தப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாக ஓடினேன்.