படகுத்துறைக்காரரின் வாக்குமூலம்

ஆற்றங்கரைப் பூங்காவுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அதன் படகுத்துறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவரை எல்லோரும் 'ஜாக்கெட்' என்றுதான் கூப்பிடுவார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டாத யாரையும் அவர் படகில் ஏற்றியதில்லை. பெரிய அதிகாரியின் மனைவி முகம் சுளித்தபோதுகூட, "அழகைக் கரையில விட்டுட்டுப் போங்கம்மா, திரும்பி வந்து எடுத்துக்கலாம்" என்று வாரை இறுக்கிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கையும் கணவனும் வந்தார்கள். கல்யாணமாகி நாலு மாதம். தங்கை மாட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை சிரித்தான்.

"என்ன மச்சான், எனக்கேவா? வேர்த்துக் கொட்டுது."

"சும்மா மாட்டிக்குங்க மாப்பிள்ளை."

"விடுண்ணே, அவர் கேக்க மாட்டார்" என்றாள் தங்கை.

பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவர் விட்டுவிட்டார்.

நடு ஆற்றில் மாப்பிள்ளை போட்டோ எடுக்க எழுந்து நின்றான். படகு கவிழ்ந்தது. அவர் துறையிலிருந்து குதித்து நீந்திப்போய் மிதந்துகொண்டிருந்த தங்கையைக் கரை சேர்த்தார். திரும்பப் போய் மூச்சுமுட்ட முங்கித் தேடினார். உடல் மறுநாள்தான் பாலத்தூணருகே கிடைத்தது.

விசாரணைக்கு முன்னால் மேலாளர் அவரைத் தனியே அழைத்தார். "ஜாக்கெட் கொடுத்தேன், நடுவுல கழட்டிட்டார்னு எழுதிக் குடுத்துடு. செத்தவரா வந்து இல்லைன்னு சொல்லப் போறார்?"

"இல்லை சார். மாட்டாமலே ஏற விட்டேன். தப்பு என்னோடது."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். படகுத்துறை வேலை போனது. பழைய ஆள் என்று இரக்கப்பட்டுத் தோட்ட வேலைக்கு மாற்றினார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தங்கை வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"நான் 'விடுண்ணே'ன்னு சொன்னதை எழுதினியா?"

"நீ எப்போ சொன்னே? நீ ஒண்ணும் சொல்லலியே."

"பொய் சொல்லாதேண்ணே. அந்தப் பழியையாவது எனக்குக் குடு. எல்லாத்தையும் நீயே தூக்கிக்கிட்டா நான் எதைச் சொல்லி அழறது?"

"நீ ஒண்ணும் சொல்லலைம்மா" என்றார் மறுபடியும்.

அவள் திரும்பிப் போனாள். பிறகு வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை.

அவர் இப்போது ஊஞ்சல்களுக்குப் பக்கத்தில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். படகுத்துறைக்கு வழி கேட்பவர்களுக்குக் கையை மட்டும் காட்டுவார். அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.