இலுப்பெண்ணெய் குடித்த டில்லர்

என் மனைவி தாய்வீட்டிலிருந்து ஓட்டிவந்த இரண்டு காளைகளை விற்றுத்தான் அந்தப் பவர் டில்லரை வாங்கினேன். செங்கத்தில் யாரோ தேய ஓட்டிக் கழித்துவிட்ட வண்டி. பின்னால் உட்கார ஒரு இரும்பு சீட் இருந்தது. அந்த சீட்டுக்காகவே வாங்கினேன் என்பாள் மனைவி. பொய்யில்லை. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் உட்கார்ந்தபடி உழுத முதல் ஆள் நான்தான்.

இன்ஜினுக்கு வயதாகிவிட்டது. பிஸ்டன் ரிங் தேய்ந்து நீலப் புகை கக்கும், இன்ஜின் ஆயிலைக் குடித்துத் தீர்க்கும். தினமும் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்து, "இன்னா தாயி, அதுக்குள்ள காலி பண்ணிட்டியா?" என்று கேட்பேன். பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படிக் கொஞ்சியதில்லை. மனைவி மட்டும் அதன் பக்கமே வரமாட்டாள். காளைகள் போன நாளிலிருந்து என்னிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். இந்த டில்லரும் படுத்துவிட்டால் அவள் முகத்தில் முழிக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

ஓர் ஐப்பசியில் மழை விட்டு, எங்கள் மேட்டுக்கொல்லை உழவுக்குப் பதமாக இருந்தது. நாலு நாளில் உழுது கொள்ளு விதைக்க வேண்டும். விடிகாலைக் குளிரில் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் அசையவில்லை. என் கோபம்தான் ஊரறிந்ததாயிற்றே. பல்லைக் கடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்துக் கிளப்பிவிட்டேன். நாலு சால் ஓடியிருக்கும், உள்ளே கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

குச்சியை உருவினேன். வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்தால் இலுப்பெண்ணெய்.

"யாரு ஊத்தினது?"

"நாந்தாங்க" என்றாள் மனைவி. "நீங்க தெனம் உருவிப் பாக்கறத பாத்துட்டுதான இருக்கேன். நேத்து சாயங்காலம் குச்சில எண்ணெயே காணோம். உழுதுட்டு வர்ற மாட்டுக்கு மூங்கில் கொட்டத்துல வாய்க்குள்ள எண்ணெ ஊத்துவோம் இல்ல? இதுவும் நமக்காவத்தான உழுவுது."

அவள் சொன்னது என் காதில் ஏறவேயில்லை. அவள் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டினேன். அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மீதிக் கொல்லையைத் தன்னந்தனியாகக் கொத்த ஆரம்பித்தாள்.

செங்கத்திலிருந்து மெக்கானிக்கை ஜீப்பில் கூட்டிவர மறுநாள் மதியமாகிவிட்டது. அடிப்பக்கத்தைக் கழற்றினார். குளிரில் உறைந்த எண்ணெய் கட்டிகட்டியாக விழுந்தது. தீய்ந்துபோன பேரிங்கை எடுத்துக் காட்டினார்.

"எவன்யா இதுல இலுப்பெண்ணெய ஊத்தினது? சரி, ஊத்திட்டான். அடிய கழட்டிக் கழுவியிருந்தா சரியாப் போயிருக்கும். இறுகிக் கெடக்கசொல்ல முறுக்கிக் கெளப்பினான் பாரு, அவனாலதான் பேரிங் போச்சு. ரெண்டும் ஒரே ஆளா?"

அவள் மண்வெட்டியோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"ஒரே ஆள்தாங்க. ரெண்டும் நாந்தான்" என்றேன்.

உறைந்த எண்ணெயைக் கழுவி, புது பேரிங்கும் ரிங்கும் போட்டு முடிக்கும்வரை மனிதர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். வாயைத் திறக்காமல் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். யாரிடமும் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை.

அவர் போனதும் அவள் கிட்டே வந்தாள். இரண்டு கையிலும் கொப்புளம்.

"நான் ஊத்தினதுக்கு நீங்க எதுக்கு திட்டு வாங்கினீங்க?"

"உன்ன ஒரு வார்த்த கேக்காம மாட்ட வித்துட்டேன் புள்ள. தப்புதான்."

மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"அத சொல்ல உங்களுக்கு ரெண்டு வருசம் ஆச்சு" என்றாள்.