இடுப்பில் செருகிய தாள்

என் தம்பி மகளுக்கு அப்போது ஆறு வயது. சுனாமி வந்துபோன மூன்றாம் வருடம். கடைவாய்ப் பல் சொத்தையாகி, கன்னம் வீங்கி நின்றாள். தம்பி கடலில் இருந்தான். அவன் பெண்டாட்டி பிள்ளைபெறத் தாய்வீடு போயிருந்தாள். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து காரைக்கால் பல் ஆஸ்பத்திரிக்கு நான்தான் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

முதல் நாளே, வாயைத் திறக்கச் சொன்ன டாக்டரம்மாவின் விரலைக் கடித்துவிட்டாள்.

"சுறாக்குட்டியையா வளக்குறீங்க?" என்று அந்த அம்மா கையை உதறிக்கொண்டே சிரித்தார். பயப்படுகிற பிள்ளைகளுக்குக் குடிக்க ஒரு மருந்து இருக்கிறதாம். அரைத்தூக்கமாகிவிடுமாம், பல் எடுப்பது தெரியாதாம். மறுநாள் காலையில் வரச் சொன்னார். வெளியே இருந்த பெண் ஒரு தாளை நீட்டி, "இதுல இருக்கறபடி செஞ்சிட்டு வாங்க. படிக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

முப்பது வருடம் மீன் ஏலத்தில் நின்று பேசியவள் நான். என்னை அப்படிக் கேட்கலாமா? "ஏன், தெரியாம என்ன?" என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். என் பெயரை எழுதுவேன். அப்போது எனக்கிருந்த படிப்பு அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் கிடையாது. பல் பிடுங்கப் போகிற பிள்ளையையா அனுப்புவேன்? விடிந்ததும் பழைய சோற்றைக் கரைத்து, சுட்ட கருவாட்டை உதிர்த்துப் போட்டு ஊட்டிவிட்டேன்.

"ராத்திரிக்கப்புறம் ஒண்ணும் கொடுக்கலையே?" என்று டாக்டரம்மா கேட்டபோதுதான் அந்தத் தாளில் என்ன இருந்திருக்கும் என்று விளங்கியது. கொடுத்தேன் என்றால் படிக்கத் தெரியாததும் வெளியே வந்துவிடும்.

"ஒண்ணும் கொடுக்கலைங்க."

பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கையை அழுத்தினேன்.

மருந்து குடித்துக் கண் செருகிக் கிடந்தவள் திடீரென்று கக்கினாள். தொண்டையில் களகளவென்று சத்தம். ஒருக்களித்துப் புரட்டி, குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீரானது. அறை முழுக்கக் கருவாட்டு வாசம்.

"மூச்சுக்குழாயில போயிருந்தா என்னம்மா பண்றது? சொல்லியிருந்தா இன்னொரு நாள் பாத்திருக்கலாமே," என்றார் டாக்டரம்மா. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பல் எடுக்காமலே திரும்பினோம். சாயங்காலம் கரைக்கு வந்த தம்பி, பிள்ளை சோற்றைக் கக்கியதைக் கேட்டுவிட்டுத் தாளை வாங்கிப் படித்தான். "வெறும் வயித்தோட வரணும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேக்கா. யாரு சோறு கொடுத்தது?"

நான் வாய் திறக்குமுன் பிள்ளை சொல்லிவிட்டாள். "அத்தை கொடுக்கலப்பா. நான்தான் சட்டியிலேருந்து எடுத்துத் தின்னேன்."

அவள் முதுகில் ஒன்று வைத்தான். இரண்டாவது அடிக்குக் குறுக்கே விழுந்து தடுத்தேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்கு வந்த பெயர்தான் திருட்டுப்பூனை. போன வருடம் அவள் கல்யாணப் பந்தியிலும் தம்பி, "சட்டிய மூடி வைங்க மாப்ள, வர்றது திருட்டுப்பூனை," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், என் பக்கம் திரும்பாமல். நான் பாயச வாளியோடு அடுத்த இலைக்குப் போனேன்.