ரோஸ்லின் அக்காவின் வெள்ளிக்கிழமைகள்

செவ்வாப்பேட்டை நிலையத்தில் காலை ரயிலுக்காக நின்றிருந்தபோது, பழைய கம்பெனிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நீலப் புடவை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் அகன்ற முகம். கீழே, ‘ரோஸ்லின் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றிருந்தது. ரயில் வந்தது. நான் ஏறவில்லை. துக்கத்தால் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்தவர்களும், சபையில் அவரோடு ஜெபித்தவர்களும் படிக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில், ரப்பர் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். அவர் பேக்கிங்கில் ஒப்பந்தத் தொழிலாளி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆட்கள் முன்னால் என்னை ‘மேடம்’ என்பார். தனியாக இருந்தால் ‘இன்னா சுமதி’.

என் மகள் நிவேதாவுக்கு ஒன்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது கால்களின் பலத்தையும் கொண்டு போய்விட்டது. பெண்கள் ஓய்வறையில் அழுதுகொண்டிருந்த என்னை அவர்தான் பார்த்தார்.

“அழுதுக்கினே இருந்தா புள்ளைய யாரு தூக்குறது? மூஞ்ச கழுவு. உன் பொண்ணு நடக்குற வரிக்கும் வெள்ளிக்கிழம நான் சாப்புடல. நடந்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லிடு, போதும்.”

எங்கள் கேன்டீனில் வெள்ளிக்கிழமைதான் பாயசம். தன் டோக்கனை யாரிடமாவது நீட்டிவிட்டு, “வாரம் பூரா தண்ணி சாம்பார ஊத்துவானுங்க, நான் சாப்புடாத அன்னிக்குத்தான் பாயசம் வெப்பானுங்க” என்று சிரிப்பார். பிறகு வெறும் வயிற்றோடு ஷிப்டு முடியும்வரை நின்றுகொண்டு பெட்டி ஒட்டுவார்.

அவருடைய கணவர் பக்கவாதத்தில் நாலு வருடமாகப் படுக்கையில் இருந்தார். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுத்தான் அக்கா காலை ஷிப்டுக்கு வருவார். ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன்: “உங்க வீட்டுக்காரரே இன்னும் எழுந்திருக்கலையே அக்கா, அப்புறம் எதுக்கு இந்தப் பட்டினி?” அவர் டேப்பைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: “கேக்குறது என் வேல. குடுக்குறது வேற டிபார்ட்மென்ட்.”

எட்டாவது மாதம் நிவேதா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதற்குள் நான் திருவள்ளூர் பக்கம் வேலை மாறிவிட்டேன். அக்காவும் ஒப்பந்தம் முடிந்து வேறு கம்பெனிக்குப் போயிருந்தார். பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டதால்தான் பிள்ளை நடந்தாள் என்று மாமியார் வேப்பஞ்சேலை கட்டி நேர்த்திக்கடன் செலுத்தினார். இந்த நேரத்தில் ரோஸ்லின் அக்காவுக்குச் சொன்னால் கர்த்தர்தான் நடக்க வைத்தார் என்று சபைக்கு வந்து சாட்சி சொல்லக் கூப்பிடுவாரோ, வீட்டில் பேச்சு வருமோ என்று பயந்தேன். அவர் இரண்டு முறை அழைத்தார். மணி அடித்து ஓயும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மறந்தும் போனேன். நான் மறந்துபோன வெள்ளிக்கிழமைகளிலும் அவர் சாப்பிடவில்லை.

மூன்று வருடம் கழித்து, சென்ட்ரல் புறநகர் நடைமேடையில் யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். “இன்னா சுமதி! பொண்ணு எப்பிடிகீது?” நான் வாயைத் திறப்பதற்குள் தண்ணீர் பாட்டிலோடு நிவேதா ஓடிவந்தாள். அக்கா அவளுடைய கால்களையே பார்த்தார்.

“எப்போலேர்ந்து நடக்குது?”

“இப்பதான் அக்கா, போன மாசந்தான்” என்றேன்.

நிவேதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, நடைமேடை முழுக்கக் கேட்கும்படி ஸ்தோத்திரம் சொன்னார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. “இன்னிக்கு ஊட்ல பாயசம்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலேறினார்.

இத்தனை வருடம் கழித்து, அவருடைய அடக்கத்துக்குப் போனபோது, மகன் சாமுவேலைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும்கா. அன்னிக்கே சொன்னாங்க. ‘ஒரு மாசக் காலு அப்பிடி ஓடாதுடா’ன்னு சிரிச்சாங்க. கோவம் வரலியாம்மான்னு கேட்டேன். ‘பயந்துக்கினு நின்னா. பயந்தவளான்ட இன்னாத்த கேக்குறது’ன்னாங்க.”

பிறகு அவனே சொன்னான்: “அம்மாக்குக் கோவம் இல்லக்கா. எனக்குகீது. அதுக்கு முந்தின வருசம் ஒரு வெள்ளிக்கிழம கம்பெனி லைன்லயே மயங்கி வுழுந்தாங்க. நான்தான் போய் இட்டுக்கினு வந்தேன்.”



சபையில் என் மகளுக்காக அவரோடு ஜெபித்தவர்களே, அவள் நடந்த செய்தி உங்களுக்கும் மூன்று வருடம் தாமதமாகத்தான் வந்தது. தாமதித்தது உங்கள் கர்த்தர் இல்லை, நான்தான்.

அக்காவின் விசுவாசத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். பட்டினி கிடக்கவும் எனக்கு வராது. யார் முன்னால் அழுதோமோ அவரிடம்தான் நல்ல செய்தியையும் முதலில் சொல்ல வேண்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான். போன வாரம் நிவேதாவின் கல்லூரித் தேர்வு முடிவு வந்தது. என் கை ரோஸ்லின் அக்காவின் எண்ணை அழுத்தியது. சாமுவேல் எடுத்தான். அவள் தேறிவிட்டாள் என்றேன்.

“எப்பக்கா ரிசல்ட்டு வந்துச்சு?”

“இப்பதான் தம்பி” என்றேன். இந்த முறை அது உண்மை.