இரண்டு பக்கமும் கட்டிய பாலம்

எங்கள் லயத்து வீடுகளுக்கும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைக்கும் நடுவில் ஓர் ஓயா, சின்ன ஆறு, ஓடுகிறது. அதன் குறுக்கே ஒற்றை மரப் பாலம். ஒரு முனையை வடத்தால் கரை மரத்தில் கட்டி, மறுமுனையைச் சும்மா விட்டிருப்போம். வெள்ளம் வந்தால் பாலம் தானே திரும்பிக் கரையோரம் ஒதுங்கிக்கொள்ளும். வடிந்ததும் எல்லோரும் சேர்ந்து இழுத்து மறுபடி போட வேண்டும்.

அந்த இழுப்புதான் வேண்டாமென்று ஆகிவிட்டது. நாள் முழுக்கக் கூடை சுமந்து வந்தவர்களுக்கு மரம் இழுக்கத் தெம்பு ஏது? இந்த வருடம் மழைக்கு முன்பே இரண்டு முனைகளையும் இறுக்கிக் கட்டிவிட்டோம். அப்பாடா என்றுகூட இருந்தது.

அந்த மழையில் மேலே சவுக்குக் காட்டு லொறிப் பாதை சரிந்துவிட்டது. தேயிலை காய வைக்கும் ஸ்டோரின் அடுப்புக்கு வெட்டிய சவுக்கு மரங்கள் அங்கேயே கிடந்தன. ஓயாவில் உருட்டிவிட்டால் அதுவே கீழே ஸ்டோரில் சேர்த்துவிடும் என்று மரம் வெட்டிய கொந்தராத்துக்காரருக்குத் தோன்றியிருக்கிறது. புண்ணியவான், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று மழையால் வேலை இல்லை, லயத்தில்தான் இருந்தோம். மரங்கள் ஒவ்வொன்றாக வந்து பாலத்தில் முட்டி நின்றன. கட்டிய பாலம் அசையவில்லை. போக வழியில்லாமல் தண்ணீர் லயத்துப் பக்கம் ஏறியது. எங்களுடையது பள்ளத்தில் இருக்கும் கடைசி வீடு. அடுப்படிக்குள் தண்ணீர் வந்ததும் என் வீட்டுக்காரர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

வடம் விண்ணென்று இறுகி நின்றது. அறுந்தால் மரம் எந்தப் பக்கம் அடிக்குமோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"வந்துருங்க. வீடு போனா போகட்டும்," என்றேன்.

"போனா யாரு கட்டித் தர்றா?" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

அறுத்தார். மரங்கள் கொடுத்த இழுப்பில் மறுமுனை வடமும் அறுந்து, பாலமும் அவற்றோடு போய்விட்டது. வடத்தின் நுனி தோளில் அடித்த காயத்தோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது.

மழை விட்டதும் பாலத்தைத் தேடி ஸ்டோருக்குப் போனோம். எங்கள் கால் பட்டு வழவழத்த மரம், நுனியில் வடம் தொங்க, துண்டு துண்டாக அறுபட்டு விறகு அடுக்கில் கிடந்தது. இது எங்கள் பாலம் என்றோம். விறகு பார்ப்பவர், எல்லாம் மரம்தானே என்றார்.

இப்போது கூடையோடு மேல் றோட்டுப் பாலம் வழியாகச் சுற்றித்தான் போய் வருகிறோம். மரம் இழுக்கும் வேலை இல்லை. லயத்துக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது.