கோடு அழிந்த கழி

எங்கள் அண்ணன் இல்லாமல் ஓராண்டு கழிந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். அதுவும் இருக்கிறது. ஆனால் உங்களில் பலர் அவரைப் பற்றித் தவறாக அறிந்திருக்கும் ஒரு செய்தியைத் திருத்தவே இதை எழுதுகிறேன். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது தென்னேரியில். ஏரிப் பாசனத்தில் எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலமும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டார்கள், அறுத்தார்கள். பிறகு செவிலிமேட்டுக்கு வந்தோம். அக்கா, அண்ணன், நான் என மூன்று பேர். அண்ணன் பந்தல் வேலைக்குப் போய், சில ஆண்டுகளில் சவுக்குக் கழியில் கொட்டகை போடும் மேஸ்திரி ஆனார்.

மற்றவர்கள் கழியைக் கயிற்றால் கட்டுவார்கள். அண்ணன் அறுத்துப் பொருத்துவார். சவுக்குக் கழி அடியில் பருத்து நுனியில் சிறுத்திருக்கும். சாய்வாக நிற்கும் முட்டுக் கழியை நேர்க் கழியோடு இடுக்கு இல்லாமல் சேர்ப்பது அதனால் கடினம். கழியின் ஓரமே சாய்ந்திருப்பதால், ஓரத்தில் அளவு வைத்தால் அறுப்பு தவறிவிடும். அண்ணன் தறியில் கழித்த நூலை நீலத்தில் தோய்த்து, அடியின் நடுவிலிருந்து நுனியின் நடு வரை இழுத்துப் பிடித்துச் சுண்டுவார். கழியின் மேல் நீலக்கோடு விழும். எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான். அவர் சேர்த்த இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைக்கூடச் செருக முடியாது.

"இன்னாண்ணா, தேரா செய்யற? மேல கீத்து போட்டுட்டா யாரு பாக்கப் போறா?" என்று கேட்பேன்.

"காத்து வந்து பாக்கும்டா. வாய மூடிக்கினு நூல புடி" என்பார்.

அக்காவை முசரவாக்கத்தில் கொடுத்திருந்தோம். மாமா பட்டு நெய்பவர். அவர் வீட்டு வாசலில் கொட்டகை போட அண்ணனும் நானும் போனோம். ஒரே ஒரு முட்டுக் கழி பாக்கி. அண்ணன் அதற்குக் கோடு போட்டு முடித்தபோது, நிறைமாதமாக இருந்த அண்ணிக்கு வலி கண்டுவிட்டது என்று வீட்டிலிருந்து போன் வந்தது.

"கோட்டு மேலயே அறு. கோடு தெரியலன்னா தொடாத, நான் வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

அன்று மதியம் சாரல் அடித்து நீலம் அழிந்துவிட்டது. எனக்கு போர்வெல் லாரியில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் லாரி ஒடிசாவுக்குக் கிளம்புகிறது. கீற்று வேய்கிறவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் மறுபடி நூல் சுண்டவில்லை. ஓரத்தில் அளவு வைத்து அறுத்தேன். தூக்கி வைத்தால் ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அதில் ஒரு சிராயை அடித்து, மரத்தூளைப் பசையில் குழைத்துப் பூசி, போல்ட்டை முடுக்கினேன். கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அன்று அண்ணன் போனில் பெண் குழந்தை என்று சொன்னார். அதோடு கேட்டார்:

"கோடு இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணா."

"மழ பேஞ்சுதாமே?"

"அட, இருந்துச்சுன்றேன்ல."

ஐப்பசிக் காற்றில் அந்த முட்டு நழுவியது. விட்டம் இறங்கி மாமாவின் வலத் தோளை நொறுக்கியது. அதன்பின் அவரால் தறியில் உட்கார முடியவில்லை.

அறுத்தது நான், ஆனால் கோடு போட்டது அண்ணன் என்பது எல்லோருக்கும் தெரியும். அண்ணனும் என் பேச்சை நம்பி, "என் கோடுதான் தப்பு" என்று ஒப்புக்கொண்டார். அக்கா பேச்சை நிறுத்தினாள். ஒரு சீமந்தத்தில், "இவர கழியாண்ட வுடாதீங்கப்பா, பந்தல் தலைமேல வந்துடும்" என்று நம் உறவினர் ஒருவர் சொல்ல, பந்தியே சிரித்ததாம். அண்ணன் தொழிலை விட்டுக் கல்யாண மண்டபம் ஒன்றில் வாட்ச்மேன் ஆனார். இதெல்லாம் எனக்குப் போனில் வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து வந்தேன். மண்டப வாசலில் அண்ணன் கேட்டார்: "இப்பவாவது சொல்லு. கோடு இருந்துச்சாடா?"

"இல்லண்ணா. ஓரத்துல வச்சி அறுத்துட்டேன்."

"மூணு வருசமா அந்தக் கழிய மனசுலயே பொரட்டிக்கினு இருக்கேன்டா. நடுவ எங்க தப்பா எடுத்தேன்னு. எனக்கே என் கண்ணு மேல நம்பிக்க போயிடுச்சு."

"மன்னிச்சுடுண்ணா."

"அத வுடு. மாமாகிட்ட போய் சொல்லு. நான் சொன்னா தம்பி மேல பழி போடறான்னுவாங்க."

"நாளைக்குப் போறேன்."

மறுநாள் நான் பெங்களூர் பேருந்தில் ஏறினேன். அண்ணன் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

சிறுநீரகம் கெட்டு அவர் படுத்தபோது, கடைசி இரண்டு நாள் மட்டும் பக்கத்தில் இருந்தேன். என்னைப் பார்த்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்காவும் மாமாவும் சாவுக்கு வரவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் முசரவாக்கம் போய்ச் சொன்னேன். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா சொன்னார்: "அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னேன். சாவுக்கும் போவல. இப்ப வந்து சொல்றியே, நான் யாராண்ட போய் பேசறது? இதையும் சேத்து எழுது."

எழுதிவிட்டேன். அண்ணி படித்துவிட்டு, ஓர் எழுத்தும் மாற்றாமல் போடச் சொன்னார்.

அரசு மருத்துவமனையில் அண்ணனைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வேலைக்கு வர முடியாத மாதங்களிலும் அவரை நிறுத்தாத மண்டபத்தாருக்கும், அண்ணிக்குச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கொட்டகையைச் சாய்த்தவன் நான். இப்போது செவிலிமேட்டில்தான் இருக்கிறேன், எங்கும் போகவில்லை. கேட்க வேண்டியதை வந்து என்னிடம் கேளுங்கள்.