அட்மிஷன் மேசையில் நான் சொன்ன பொய்

பிளஸ் டூ முடித்ததும் வீடியோ கேம் உருவாக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். அதற்கு எதைப் படிப்பது என்று சொல்ல எங்கள் ஊர் பென்னலூரில் ஆள் இல்லை. ஒரகடம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் 'கேம் டிசைன்' என்றே ஒரு பட்டப்படிப்பு இருந்தது. பெயரைப் பார்த்து மயங்கினேன்.

"இன்னாடி, கேம் ஆடறதுக்குக்கூட காலேஜா?" என்றாள் செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கும் அம்மா.

"ஆடறதுக்கு இல்லம்மா, செய்யறதுக்கு."

சேர்ந்த ஒரு மாதத்திலேயே குமட்ட ஆரம்பித்துவிட்டது. பாடம் எடுத்தவர் தன் வாழ்நாளில் ஒரு கேம்கூடச் செய்ததில்லை. ஸ்லைடில் இருந்த எழுத்துப்பிழைகளையும் சேர்த்தே வாசிப்பார். கண்ணாடி அலமாரியில் ஒரே ஒரு வி.ஆர். ஹெட்செட். பெற்றோர்கள் பார்க்க வரும் நாளில் மட்டும் வெளியே எடுப்பார்கள். உள்ளே இருந்த ஸ்பாஞ்சு யார் யாருடைய வியர்வையிலோ ஊறிக் கறுத்திருந்தது. மாட்டினால் துவைக்காத சாக்ஸை முகத்தில் கட்டியதுபோல் இருக்கும்.

பந்து தரையில் மோதி எழும்புவதற்கு எப்படிக் கணக்குப் போட்டு கோட் எழுதுவது என்று ஒருநாள் கேட்டேன். "அதெல்லாம் சாஃப்ட்வேரே பாத்துக்கும்மா" என்றார். அன்றைக்கே வேறு கல்லூரியில் கணக்குப் பட்டப்படிப்புக்கு மாறிவிட முடிவு செய்தேன். பிறகு மாறவும் செய்தேன். இன்று சென்னையில் ஒரு சின்ன கேம் கம்பெனியில் எனக்குச் சோறு போடுவது அந்தக் கணக்குதான்.

ஆனால் மாறுவதற்கு டி.சி. வேண்டும். அது துறைத்தலைவர் கையில் இருந்தது. இடங்கள் நிரம்பாததால் அட்மிஷன் இன்னும் நடந்துகொண்டிருந்தது. "போறதுக்கு முன்னாடி அட்மிஷன் மேசையில நாலு நாள் உக்காரு. நீ நல்லா பேசுவே" என்றார். உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாள் ஒரு பெண் வந்தாள். திருநெல்வேலிப் பக்கம். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள், படப்பையில் ஹாஸ்டல். ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள். ஒரு நோட்டு முழுக்க கேம் படங்கள் வரைந்து வைத்திருந்தாள். குடோனுக்குள் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கேம். ஒவ்வொரு கட்டத்தையும் அளவோடு போட்டிருந்தாள். நான் அதுவரை செய்த எதையும்விட நன்றாக இருந்தது.

"இங்க கோடிங் நெசமாவே சொல்லித் தருவாவளா? இல்லன்னா ஊருக்குப் போயி கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துருவேன். நீங்க படிக்கீங்கல்லா, சொல்லுங்க."

துறைத்தலைவர் என் பின்னால் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"நல்லா சொல்லித் தருவாங்க" என்றேன்.

அவள் சான்றிதழ்களின் அசலை எடுத்துக் கொடுத்தாள். அவள் போனதும் அவர் எண்ணெய்க் கையால் என் தோளைத் தட்டி, "சூப்பர்மா" என்றார். அந்தக் கையைவிட என் வாய்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் ஹாஸ்டலுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவள் சொன்னாள், "இத நேத்தே சொல்லியிருக்கலாம்லா?"

இருவரும் கல்லூரிக்குப் போனோம். சீட்டை ரத்து செய்தாலும் சான்றிதழ் இந்த வருடம் கிடைக்காது என்றார் துறைத்தலைவர். பிறகு என்னிடம் திரும்பி, "நேத்து நீ இன்னா சொன்ன இவகிட்ட?" என்று மிரட்டினார்.

"பொய் சொன்னேன் சார்."

அவர் முகம் சுண்டிப்போனது. என் டி.சி.யை இரண்டு மாதம் இழுத்தடித்துத்தான் கொடுத்தார்.  அவள் வரவேற்பறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டால், நடந்ததை அப்படியே சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. மூன்று குடும்பங்கள் எழுந்து போய்விட்டன. மறுநாள் மதியம் அவளுடைய ஃபைலை மேசைமேல் விட்டெறிந்தார்கள்.

ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நானும் பின்னாலேயே போனேன். படப்பைக்குப் போகும் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அவள் ஏறினாள். பக்கத்தில் இடம் இருந்தது. நான் காலை வைத்தேன்.

"நீங்க அடுத்த வண்டில வாங்க" என்றாள்.

இறங்கி நின்றேன்.